நின்றுபோன பேட்டரி நாற்காலி: எங்கே பார்ப்பது? என்ன செய்வது?



வரி, விலைவாசி, லாரி வாடகை, எடை முத்திரை என்று எழுதிவரும் இந்தப் பக்கங்களில் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்து வியாபாரம் பார்த்த பெரியவர்களில் சிலர், முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்காத வயதில் இந்த நாற்காலியில்தான் கடைக்கு வந்து போகிறார்கள். இதில் அமர்ந்தே சொந்தமாகக் கடை நடத்தும் மாற்றுத்திறனாளிகளும் உண்டு. தசைச்சிதைவு போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இதனை இலவசமாகவும் வழங்குகிறது. நம் வாடிக்கையாளர்களிலும் இதில் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் மண்டியில் பேரேடு பார்க்கும் கணக்கர் பதினொரு ஆண்டுகளாக பேட்டரி நாற்காலியில்தான் வருகிறார். நாற்காலி ஓடினால் காலை ஒன்பதரைக்கு மேசையில் இருப்பார். நாற்காலி நின்றால் அவர் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் சிட்டையும் அப்படியே நிற்கும். நமக்கு வண்டி பழுதானால் பஸ் இருக்கிறது, நடை இருக்கிறது. அவருக்கு அந்த நாற்காலிதான் கால். அது மூலையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு மனிதர் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நாள்.

அவரோடு சேர்ந்து அந்த நாற்காலியைப் பிரித்தும் பூட்டியும் நாங்கள் கண்டது இதுதான்: நின்றுபோகும் நாற்காலிக்குப் பெரும்பாலும் விலை உயர்ந்த பாகம் எதுவும் தேவைப்படுவதில்லை. பேட்டரி, சார்ஜர், தளர்ந்த இணைப்பு, தவறுதலாக நகர்ந்த ஒரு நெம்புகோல், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால் நாம் புதுப் பேரேடு வாங்குவதில்லை. ஆரம்ப இருப்பிலிருந்து வரி வரியாகச் சரிபார்த்து வருகிறோம். நாற்காலிக்கும் அதே முறைதான். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பில் அடிபட்ட வீரர்களுக்காக, கனடா தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் பணியாற்றிய ஜார்ஜ் க்ளைன் என்ற பொறியாளர் மோட்டார் சக்கர நாற்காலியை உருவாக்கினார். அதன் பிறகு எத்தனையோ வடிவங்கள் வந்துவிட்டன. ஆயினும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு தொடராக இணைத்திருப்பதால் மொத்தம் 24 வோல்ட். மடக்கி காரில் ஏற்றும் புதிய வகை நாற்காலிகளில் இதற்குப் பதிலாக ஒரே லித்தியம் பேட்டரி இருக்கும். கைப்பிடியில் இருக்கும் குச்சிதான் ஜாய்ஸ்டிக். அது சொல்வதைக் கேட்டு மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பது கன்ட்ரோலர். இடது சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலது சக்கரத்துக்கு ஒரு மோட்டார். திருப்புவதற்குத் தனியாக ஸ்டியரிங் கிடையாது. இரண்டும் சமமாகச் சுற்றினால் நேராகப் போகும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றினால் திரும்பும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கம் இழுப்பது போலத்தான்.

பிரேக் இதில் தலைகீழாக வேலை செய்யும். மின்சாரம் போனால்தான் பிரேக் விடும். மின்சாரம் நின்றால் பிடித்துக்கொள்ளும். பாதி மேட்டில் பேட்டரி தீர்ந்தாலும் நாற்காலி பின்னால் உருண்டுவிடாமல் இருக்கச் செய்த பாதுகாப்பு இது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியதும் அடியில் 'டக்' என்று கேட்பது பிரேக் விடும் சத்தம். இந்தச் சத்தத்தை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

தொடுவதற்கு முன்

முதலில் நாற்காலியில் அமர்பவரிடமே கேளுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். எந்த மேட்டில் திணறியது, எத்தனை நாளாகச் சத்தம் வருகிறது, நேற்று மழையில் நனைந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாதிப் பழுது அவர் சொல்லும்போதே பிடிபட்டுவிடும்.

அவரை வேறு இருக்கைக்குப் பாதுகாப்பாக மாற்றிய பிறகே கை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் பிரித்துவிடுங்கள். 24 வோல்ட் நம்மை உலுக்காது என்று அலட்சியம் கூடாது. பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இரும்பு பழுத்துவிடும். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்ற வேண்டிய சோதனை என்றால் அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். பேட்டரி மூட்டை போலக் கனக்கும்; குனிந்து ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டாம்.

கருவி என்று பார்த்தால் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், திருப்புளி, ஆலன் சாவி, பழைய பல் துலக்கும் பிரஷ், உப்புத்தாள் ஆகியவை போதும். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கு எலெக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும்.

செலவில்லாத ஐந்து சோதனைகள்

1. சார்ஜர் பிளக் மாட்டியபடியே இருக்கிறதா? மாட்டியிருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் நகராது. வயரோடு சேர்த்து ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

2. மோட்டார் அருகே, 'ஓட்டு', 'தள்ளு' என்று இரு நிலைகளுடன் ஒரு நெம்புகோல் இருக்கும். கையால் தள்ளுவதற்காக யாராவது மாற்றியிருந்தால் நாற்காலி ஓடாது. இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தாலும் இதே கதைதான். சரிவில் நிற்கும்போது இந்த நெம்புகோலை ஒருபோதும் தொடாதீர்கள். பிரேக் விட்டு நாற்காலி உருண்டுவிடும்.

3. ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் சுவிட்சைப் போடுங்கள். குச்சி நடுவில் இல்லாதபோது சுவிட்ச் போட்டால் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக மறுத்துவிடும். சட்டைக் கை, சால்வை, மடியில் வைத்த பை ஆகியவை குச்சியில் சாய்ந்திருப்பதும் உண்டு.

4. பேட்டரிப் பெட்டி அருகே சிறிய ரீசெட் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையில் அது வெளியே குதித்திருக்கும். திரும்பத் திரும்பக் குதித்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். மறுபடி அழுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள்.

5. கண்ணுக்குத் தெரியும் எல்லா பிளக்குகளையும் கழற்றி மீண்டும் அழுத்தமாக மாட்டுங்கள். நம் ஊர்ச் சாலையின் குலுக்கலில் எந்த பிளக்கும் நாளாவட்டத்தில் தளரும்.

சில கன்ட்ரோலர்களில் பூட்டு வசதியும் உண்டு. பேரக்குழந்தை பொத்தானை அழுத்தி விளையாடியதில் அது பூட்டிக்கொண்டு, பழுது என்று கருதப்பட்ட நாற்காலிகளும் இருக்கின்றன. திறக்கும் முறை நாற்காலியோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தக் கையேட்டை நாற்காலிப் பையிலேயே வைத்திருங்கள்.

பேட்டரியே முதல் சந்தேகம்

இந்த ஐந்திலும் தீரவில்லை என்றால் பேட்டரிக்கு வர வேண்டும். இரவு முழுவதும் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டு, பின்பு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டுக்கு மேல், இரண்டும் சேர்ந்து 25.5 அளவில் இருந்தால் நிறைவு. சேர்த்து 24.5 என்றால் சுமார் பாதி. 23.5க்குக் கீழே போனால் காலி என்று கொள்ளலாம். இரண்டையும் தனித்தனியே அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்து நிற்பது நோயாளி.

மல்டிமீட்டர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. சம தரையில் நிறைந்து காட்டும் பேட்டரி விளக்கு, மேட்டில் ஏறும்போது சட்டென்று சிவப்புக்கு இறங்கி, நிறுத்தியதும் மீண்டும் ஏறினால் பேட்டரி களைத்துவிட்டது என்று பொருள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, சுமை வந்ததும் கைவிடும் பேட்டரி அது.

சார்ஜர் விளக்கும் ஒரு செய்தி சொல்லும். காலியான பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு அரை மணிக்குள் பச்சை விளக்கு வந்துவிட்டால் மகிழ வேண்டாம். அடியில் பலகை அடித்த மரக்கால் சீக்கிரம் நிரம்புவது போல, கொள்ளளவு போன பேட்டரியும் சீக்கிரம் நிரம்பும். மாறாக, இரவு முழுவதும் போட்டும் பச்சை வராமல் பேட்டரி சூடாகிக்கொண்டே இருந்தால் உள்ளே ஒரு செல் போயிருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.

புதிதாக மாற்றும்போது மூன்று விதிகளை மறக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைக் கோத்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர் அளவாக இருக்க வேண்டும். கார் பேட்டரியோ பைக் பேட்டரியோ போடக் கூடாது. அவை வண்டியைக் கிளப்ப ஒரு நொடி பலமாக உதைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கொடுக்கும் வேலைக்கு ஆழ்ந்த சுழற்சிக்கான, ஆசிட் சிந்தாத மூடிய பேட்டரி வேண்டும். "விலை குறைவு, வோல்ட் ஒன்றுதானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழிவுத் தொகை பெறுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகள் முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். குப்பையில் வீசுவதும், தெருவில் வரும் ஆளிடம் கொடுத்து ஈயத்துக்காக உடைக்க விடுவதும் ஆபத்து.

சார்ஜ் செய்வதில் ஒரு பழைய நம்பிக்கை

"முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். இது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லெட் ஆசிட் பேட்டரிக்கு இது நேர்மாறு. காலியாகக் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். பிறகு அது முழுக் கொள்ளளவுக்குத் திரும்பாது. ஆகவே குறைவாக ஓடிய நாளிலும் இரவில் சார்ஜ் போட்டுக் காலையில் எடுக்க வேண்டும். நாற்காலியைப் பயன்படுத்தாத நாட்களிலும் மாதம் ஒரு முறையாவது நிறைத்து வைக்க வேண்டும். ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் பேட்டரி செத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சார்ஜர் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மாட்டுவதற்கு முன் பேட்டரி முனைகளில் வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிச் சில நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். மெல்ல ஏறி 27, 28 என்று போனால் சார்ஜர் நலம். சிறிதும் அசையவில்லை என்றால் சார்ஜர், அதன் பியூஸ், வயர், நாற்காலியில் உள்ள சார்ஜிங் துளை ஆகியவற்றில் ஒன்றில் குறை. சார்ஜரின் முனையை மட்டும் தனியாக அளந்து "ஒன்றும் வரவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல சார்ஜர்கள் பேட்டரியோடு சேர்ந்தால்தான் மின்சாரம் கொடுக்கும். பேட்டரி அடிமட்டத்துக்குக் காலியாகியிருந்தாலும் சில சார்ஜர்கள் அதைப் பேட்டரி என்றே ஏற்காமல் சும்மா இருக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு அதற்குரிய சார்ஜரை மட்டுமே போட வேண்டும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, அளவு குறைந்ததும் முன்னறிவிப்பு இல்லாமல் அணைத்துவிடும். சார்ஜரில் மாட்டினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். பேட்டரி உப்பியிருந்தாலும், கீழே விழுந்து அடிபட்டிருந்தாலும், நீரில் மூழ்கியிருந்தாலும் அதை வீட்டிலோ கடையிலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். எந்த வகையானாலும் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் இவற்றுக்கு நடுவில் சார்ஜ் போடக் கூடாது என்பதை நம் மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கு சொல்லும் செய்தி

பேட்டரி நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால் ஜாய்ஸ்டிக் பலகையில் மின்னும் விளக்குகளை எண்ணுங்கள். பி.ஜி. டிரைவ்ஸ் நிறுவனத்தின் வி.ஆர்.2 வகை கன்ட்ரோலரைப் பல நாற்காலிகளில் காணலாம். அதில் பத்து விளக்குகள் உண்டு. எத்தனை விளக்கு மின்னுகிறது என்பதே குறியீடு:

1 என்றால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி இணைப்பு தளர்ந்திருக்கிறது.
2 என்றால் இடது மோட்டார் இணைப்பு சரியில்லை. 3 என்றால் இடது மோட்டார் வயரில் ஷார்ட்.
4 என்றால் வலது மோட்டார் இணைப்பு சரியில்லை. 5 என்றால் வலது மோட்டார் வயரில் ஷார்ட்.
6 என்றால் சார்ஜர் மாட்டியிருப்பது போன்ற காரணத்தால் ஓட்டம் தடுக்கப்பட்டிருக்கிறது.
7 என்றால் ஜாய்ஸ்டிக்கில் குறை. 8 என்றால் கன்ட்ரோலரில் குறை.
9 என்றால் பிரேக் இணைப்பு சரியில்லை.
10 என்றால் வோல்ட் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. இதற்கும் பேட்டரி இணைப்பின் தளர்ச்சி காரணமாக இருக்கலாம்.

வேறு கம்பெனியின் கன்ட்ரோலரில் குறியீடு வேறாக இருக்கும். கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழுது பார்ப்பவருக்குப் போன் செய்வதற்கு முன் எத்தனை விளக்கு மின்னியது என்று குறித்துக்கொண்டால் அவருக்கும் வேலை எளிது. நாமும் ஏமாற மாட்டோம்.

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இணைப்பு, தளர்ச்சி என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். எங்கள் கணக்கரின் நாற்காலி ஒரு மார்ச் மாதக் கடைசி வாரத்தில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில், நின்றது. பழுது பார்க்க வந்தவர் கன்ட்ரோலர் போய்விட்டது, புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார். கணக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு விளக்குதான் மின்னுகிறது, பேட்டரியைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். பெட்டியைத் திறந்தால், பேட்டரி முனையில் போல்ட் அரைச் சுற்றுத் தளர்ந்து, சுற்றிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவியதும் நாற்காலி ஓடியது. செலவு எதுவும் இல்லை. அவர் சொல்லாதிருந்தால் மூன்று வாரச் சம்பளமும் எங்கள் ஆண்டுக் கணக்கும் அந்த அரைச் சுற்றில் போயிருக்கும்.

தட்டு மாற்றி நிறுக்கும் சோதனை

தராசின் மேல் சந்தேகம் வந்தால் பழைய வியாபாரிகள் என்ன செய்வார்கள்? எடைக்கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். முள் அதே பக்கம் சாய்ந்தால் குறை தராசில். மறுபக்கம் சாய்ந்தால் குறை எடையில்.

நாற்காலியில் ஒரு பக்க மோட்டார் குறை காட்டும்போது இதே சோதனை உதவும். சக்கரங்களைத் தூக்கி வைத்து, சுவிட்சை அணைத்து, இடது வலது மோட்டார் பிளக்குகளை ஒரே மாதிரி இருந்தால் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். மீண்டும் சுவிட்சைப் போட்டுக் குச்சியை லேசாகத் தள்ளுங்கள். முன்பு 2 விளக்கு மின்னியது இப்போது 4 ஆக மாறினால், குறை மோட்டாரோடும் அதன் வயரோடும் இடம் மாறியிருக்கிறது, கன்ட்ரோலர் குற்றமற்றது. 2 அப்படியே நின்றால் குறை கன்ட்ரோலர் பக்கம். இந்த நிலையில் திசை தலைகீழாகும். ஆகவே ஆளை உட்கார வைத்து ஓட்டக் கூடாது. சோதனை முடிந்ததும் பழையபடி மாட்டிவிட வேண்டும்.

மோட்டாரும் பிரேக்கும்

குறை மோட்டார் பக்கம் என்று தெரிந்தால் முதலில் வயரைத் தடவிப் பாருங்கள். நாற்காலி மடங்கும் இடத்திலும் இருக்கை சாயும் இடத்திலும் வயர் நசுங்கியிருக்கும். அடுத்து கார்பன். பல நாற்காலிகளின் மோட்டாரில் மிக்சியில் இருப்பது போலவே கார்பன் துண்டுகள் உண்டு. தேய்ந்தால் மோட்டார் விட்டு விட்டு ஓடும், வலிமை குறையும், கருகிய வாடை வரும். மோட்டாரின் பக்கவாட்டில் உள்ள மூடியைத் திறந்து கார்பனை எடுத்துப் பார்க்கலாம். ஒரு மோட்டாரின் எல்லாக் கார்பன்களையும் ஒன்றாக, அதே அளவில், அதே தரத்தில் மாற்ற வேண்டும். கார்பன் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் அதைத் திறக்க வேண்டாம்.

பிரேக்கைச் சோதிக்க அந்த 'டக்' சத்தமே போதும். இரு பக்கமும் கேட்டால் நலம். ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அந்தப் பிரேக் விடவில்லை. நாற்காலி அந்தப் பக்கம் இழுக்கும், மோட்டார் சூடாகும். பிரேக்கின் வயரையும் பிளக்கையும் பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரேக்கைப் பிரித்துப் பூட்டுவது தெரிந்தவர் வேலை.

நேராகப் போகாவிட்டால்

ஒரு பக்கம் இழுக்கும் நாற்காலியைக் கண்டதும் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். காற்றடைக்கும் டயர் என்றால் இரு பக்கமும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அடுத்து முன்னால் உள்ள சிறு சக்கரங்கள். சாக்கு நூல், சணல், முடி, பிளாஸ்டிக் நார் எல்லாம் அதன் அச்சில் சுற்றிக்கொண்டு பேரிங்கை இறுக்கிவிடும். போல்ட்டைக் கழற்றி, நூலை அறுத்து, துடைத்து மாட்டினால் பாதிச் சிணுக்கம் தீரும். பேரிங் கரகரத்தால் மாற்றிவிடுங்கள். அதன் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும், விலையும் பெரிதல்ல.

கடைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை

நம் கடைகளில் நாற்காலிக்கு நான்கு எதிரிகள் உண்டு. முதலாவது உப்பு. உப்பு மூட்டை அருகே நிற்கும் நாற்காலியில் ஈரம் கோத்து, செம்பு முனைகள் சீக்கிரம் களிம்பேறும். இரண்டாவது மாவுத் தூசியும் வெல்லப் பிசுக்கும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் இவை உள்ளே போய்க் குச்சியை நடுவுக்கு வரவிடாது. கிழிந்த உறையை உடனே மாற்றுங்கள். மூன்றாவது எலி, கிடங்கில் இரவு விட்ட நாற்காலியின் வயர் காலையில் முழுதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நான்காவது தண்ணீர். கடை கழுவும்போது நாற்காலி மேல் குழாயைப் பீச்சாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழையில் போகும்போது ஜாய்ஸ்டிக்கை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். நனைந்துவிட்டால் சுவிட்சை அணைத்து, நன்றாக உலர்ந்த பிறகே போடுங்கள்.

கடை வாசல் சரிவும் ஒரு காரணம். படிக்குப் பதில் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் மோட்டார் திணறி, சூடாகி, கன்ட்ரோலர் அணைத்துவிடும். நாற்காலி பின்னால் கவிழும் ஆபத்தும் உண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பதே அணுகல் வசதிக்கான அளவு. அரையடிப் படி என்றால் ஆறடி நீளச் சரிவு வேண்டும். இது நம் வாடிக்கையாளருக்கும் வசதி, மூட்டை இறக்கும் தள்ளுவண்டிக்கும் வசதி.

செய்யவே கூடாதவை

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாள், செம்புக் கம்பி போட்டு ஓட்டுவது தீக்கு அழைப்பு. அமர்பவரின் இருக்கைக்கு அடியில்தான் அந்தத் தீ பிடிக்கும். கன்ட்ரோலரையும் ஜாய்ஸ்டிக்கையும் பிரித்துச் சால்டரிங் செய்யாதீர்கள். தானாக ஓடும் நாற்காலி, ஓடாத நாற்காலியைவிடக் கொடியது. தொடாமலே நகர்ந்தாலும், நிறுத்தியும் நிற்காவிட்டாலும், புகையோ கருகல் வாடையோ வந்தாலும் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு வல்லுநரை அழையுங்கள். உத்தரவாதக் காலம் இருந்தால் எதையும் திறப்பதற்கு முன் விற்றவரிடம் கேளுங்கள்.

மாதம் ஒரு முறை

சரக்கு இருப்பு எடுக்கும் நாளிலேயே நாற்காலியையும் பாருங்கள். பேட்டரி முனைகள், பிளக்குகள், டயர் காற்று, முன் சக்கர நூல், இரு பக்க 'டக்' சத்தம், சார்ஜர் வயர் ஆகிய ஆறையும் பார்க்க அரை மணி நேரம் போதும். பேட்டரி வோல்ட்டைத் தேதியோடு ஒரு பழைய நோட்டில் எழுதி வாருங்கள். இறங்குமுகம் தெரிந்தால், நிற்கும் முன்பே புதிய பேட்டரிக்குப் பணம் ஒதுக்கிவிடலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் லெட் ஆசிட் ஜோடி ஒன்றரை முதல் மூன்று ஆண்டு உழைக்கும். ஒரு கூடுதல் பியூஸ், ஒரு ஜோடி கார்பன், ஒரு முன் சக்கரப் பேரிங் கையிருப்பில் இருக்கட்டும். கையால் தள்ளும் சாதாரண நாற்காலி ஒன்றும் மாற்றாக இருக்கட்டும்.

நம் சங்க உறுப்பினர்களில் எலெக்ட்ரிகல் கடை, பேட்டரி கடை, பேரிங் கடை, மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். தங்கள் பகுதியில் இந்த நாற்காலியில் வருபவர் யார் என்று தெரிந்து, அவருக்கு வேண்டிய பியூசையும் பேரிங்கையும் வரவழைத்து வைத்தால் விற்பனை பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் மூன்று வாரம் வீட்டுக்குள் இருக்க வேண்டிய ஒருவர் மறுநாளே கடைக்கு வந்துவிடுவார். கடைத்தெருவுக்கு அதுவும் ஒரு வரவுதான்.